வீடு அறிந்ததை மருத்துவர் அறிய

கேளம்பாக்கத்தில் மருத்துவத்துக்குப் பஞ்சமில்லை. ஊரிலேயே செட்டிநாடு மருத்துவமனையும் அதன் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. கிழக்கே கோவளம் சாலையில் உப்பளங்களைத் தாண்டிக் கடற்கரைச் சாலையைப் பிடித்தால் முட்டுக்காடு. பல்வகைக் குறைபாடு உடையவர்களுக்காக மத்திய அரசு 2005இல் தொடங்கிய தேசிய நிறுவனம் அங்கே இருக்கிறது. மேற்கே வண்டலூர் சாலை தாம்பரத்துக்கும், ஜி.எஸ்.டி. சாலை வழியாகச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கொண்டுபோய் விடும். வடக்கே ஓ.எம்.ஆர். நெடுகத் தனியார் கிளினிக்குகள், தெரபி சென்டர்கள். இன்னும் பெரிய இடம் வேண்டுமென்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. காய்ச்சல் வந்த குழந்தைக்கு இதெல்லாம் கொடுப்பினை.

மூளை முடக்குவாதம் (சி.பி.) உள்ள குழந்தைக்கு இதே வசதி அலைச்சலாக மாறிவிடுகிறது. வலிப்புக்கு ஓர் இடம், இடுப்பு எலும்புக்கு இன்னோர் இடம், கண்ணுக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று, பேச்சுப் பயிற்சிக்கு முட்டுக்காடு, சான்றிதழுக்குச் செங்கல்பட்டு. ஒவ்வோர் இடத்திலும் ஒரு ஃபைல். ஒரு ஃபைலில் இருப்பது அடுத்ததில் இருக்காது. இத்தனை அறைகளுக்குள்ளும் போய்வருகிற ஒரே ஆள் பெரும்பாலும் அம்மாதான். குழந்தையை முழுசாக அறிந்தவர் அவர். ஆனால் அவர் அறிந்தது எந்தத் தாளிலும் ஏறுவதில்லை.

மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோரை மருத்துவரைப் பார்க்கும் முன் ஆயத்தப்படுத்துவது என்றால் என்ன, அதில் இதுவரை யார் என்ன செய்திருக்கிறார்கள், எங்கே இடறுகிறது என்பதை இங்கே பார்க்கலாம். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோர் சொல்வதும் ரத்தப் பரிசோதனை போல, ஸ்கேன் போல ஒரு மருத்துவச் சான்று. ரத்தம் எடுக்க ஆளும் அறையும் ஒதுக்குகிற மருத்துவத் துறை, இந்தச் சான்றைச் சேகரிக்க மட்டும் யாரையும் ஒதுக்காமல், எல்லாவற்றையும் ஒரு தாயின் ஞாபகத்தின் மேல் போட்டுவிட்டு ஒதுங்குவது நியாயமில்லை.

கையில் இருக்கும் நேரம்

மருத்துவர் ஒரு நோயாளியோடு எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்று 67 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஸ்வீடனில் சராசரி இருபத்திரண்டரை நிமிடம். வங்கதேசத்தில் 48 விநாடி. உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிப் பேர் வாழும் நாடுகளில் அது ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவோதான். நம் அரசு மருத்துவமனை ஓ.பி.யில் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. உள்ளே போய்ச் சேலைத் தலைப்பைச் சரிசெய்து, குழந்தையை மடியில் இருத்துவதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். மருத்துவரைக் குறை சொல்லவும் மனம் வராது. வெளியே நிற்கும் வரிசை அவருக்கும் தெரிகிறது.

வெளியே வந்த பிறகும் சிக்கல் தீர்வதில்லை. மருத்துவர் சொன்னதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிகள் உடனே மறந்துவிடுகிறார்கள் என்று 2003இல் வந்த ஒரு தொகுப்புக் கட்டுரை சொல்கிறது. அழுகிற, கையை உதறுகிற, எழுந்து ஓடுகிற குழந்தையைப் பிடித்துக்கொண்டே கேட்பவருக்கு எவ்வளவு மிஞ்சும் என்று நாமே ஊகிக்கலாம்.

சரி, முன்கூட்டி ஆயத்தப்படுத்தினால் பலன் உண்டா? இதைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்ட காக்ரேன் அறிக்கை 2007இல் வந்தது. 33 சோதனைகள். கேள்விப் பட்டியல் கொடுத்தோ, ஒருவர் உட்கார்ந்து பேசிப் பழக்கியோ அனுப்பினால் நோயாளிகள் கொஞ்சம் கூடுதலாகக் கேள்வி கேட்கிறார்கள், திருப்தியும் கொஞ்சம் கூடுகிறது, பார்க்கும் நேரம் பெரிதாக நீளுவதில்லை என்பது அதன் சாரம். கடைசிச் செய்தி முக்கியமானது. பெற்றோரைப் பேசவிட்டால் வரிசை நகராது என்ற பயத்துக்கு அதில் ஆதாரம் இல்லை.

ஆனால் அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை வசதியான நாடுகளில், தன் உடம்பைப் பற்றித் தானே பேசக்கூடிய பெரியவர்களிடம் நடந்தவை. நம் விஷயத்தில் நோயாளி ஒருவர், பேசுகிறவர் வேறொருவர். அதனால்தான் ‘டாக்டரிடம் கேட்க வேண்டிய பத்துக் கேள்விகள்’ வகைக் குறிப்புகள்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இரண்டு நிமிடத்தில் பத்துக் கேள்வி நடக்காது. ஒரு கேள்வி போதும். அதற்கு முன், மருத்துவர் கேட்காமலே அவர் கைக்குப் போய்ச்சேர வேண்டிய தகவல்கள்தான் பெரிய வேலை.

ஆசிரியை ஆனாள்; சாட்சி ஆகவில்லை

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவதில் இந்தியா பின்தங்கிய நாடு அல்ல. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து நோயாளிகளின் உறவினர்களை உடன் தங்க வைத்தார்கள். அதே பத்தாண்டில் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையமும் குடும்பத்தோடு தங்கும் முறையைக் கைக்கொண்டது. பின்னாளில் அறிவுத்திறன் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள குழந்தைகளின் பெற்றோர் அங்கேயே தங்கிப் பயிற்சி பெற ‘நம்பிக்கை நிலையம்’ வந்தது.

சென்னையில் பூனம் நடராஜன் 1985இல் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி இன்று கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் என்ற பெயரில் இயங்குகிறது. தியாகராய நகரில் 1989இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையத்தில் குழந்தையை விட்டுவிட்டு வர முடியாது. அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார்ந்து ‘உபநயன்’ பயிற்சியைக் கற்றுக்கொள்ள வேண்டும். குழந்தை எதைச் செய்கிறது, எதை இன்னும் செய்யவில்லை என்று திறன் திறனாகக் குறித்துவைக்கும் பட்டியல்தான் அந்தப் பயிற்சியின் முதுகெலும்பு. தெற்கே ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் கிராமம் கிராமமாகப் பணியாளர்களை வீட்டுக்கே அனுப்பித் தொடக்கநிலைப் பயிற்சி தருகிறது.

இந்த மரபு பெருமைப்படத்தக்கது. ஆனாலும் அதில் ஓர் இடைவெளி தெரிகிறது. இவை எல்லாம் அம்மாவை ஆசிரியை ஆக்கின. கை கால் பயிற்சி கொடுக்க, பேச்சு கற்றுத்தர, சாப்பாடு ஊட்டப் பழக்கின. மருத்துவர் முன் உட்கார்ந்து தன் குழந்தையைப் பற்றிச் சாட்சி சொல்லவும் பழக்க வேண்டும் என்ற எண்ணம் தனி வேலையாக வளரவில்லை. வீட்டில் ஆறு மாதம் உழைத்துக் குழந்தையை உட்கார வைத்த தாய், மருத்துவர் அறையில் “எப்படிம்மா இருக்கான்?” என்ற கேள்விக்கு “பரவாயில்ல சார்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார். அந்தப் ‘பரவாயில்ல’வுக்குள் ஆறு மாதம் அடங்கிப்போகிறது.

மருந்து பாட்டிலும் கைபேசியும்

என்ன தகவல் வேண்டும் என்பதற்குக் கைக்கெட்டும் உதாரணம் மருந்து. வலிப்புக்குக் கொடுக்கும் சிரப்பைப் பற்றிக் கேட்டால், “காலைல ரெண்டரை, நைட்டு ரெண்டரை” என்பதுதான் வழக்கமான பதில். ரெண்டரை எம்.எல். என்பது அளவு, மருந்தின் எடை அல்ல. நம் கடைகளில் கிடைக்கும் வால்ப்ரோயேட் சிரப் 5 எம்.எல்.லில் 200 மில்லிகிராம் கொண்டது. ஆகவே ரெண்டரையில் 100 மில்லிகிராம். லெவெட்டிராசெட்டம் சிரப் வழக்கமாக ஒரு எம்.எல்.லுக்கு 100 மில்லிகிராம். அதே ரெண்டரையில் 250. இந்த மில்லிகிராமைக் குழந்தையின் எடையோடு ஒப்பிட்டுத்தான் மருத்துவர் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்கிறார். எந்த மருந்து, என்ன செறிவு என்று தெரியாமல் வெறும் ‘ரெண்டரை’யை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கடையில் “அதே மருந்துதான், கம்பெனி வேற” என்று மாற்றிக் கொடுத்த பாட்டிலில் செறிவும் மாறியிருக்கலாம். அதனால் சீட்டை மட்டும் கொண்டுபோகாமல் பாட்டிலையும் பையில் போட வேண்டும். ஊற்றிக் கொடுக்கும் மூடியையோ ஊசிக்குழலையோ கூடவே. சமையலறை ஸ்பூனில் கொடுக்கிறார்கள் என்றால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எத்தனை வேளை தவறியது என்பதையும். “கரெக்டா குடுக்கறோம் சார்” என்று பயத்தில் சொல்லும் ஒரு பொய்யால், இந்த மருந்து போதவில்லை என்று மருத்துவர் முடிவுகட்டி இரண்டாவது மருந்தையும் சேர்த்துவிடுவார்.

அடுத்தது வலிப்பு. மருத்துவர் கண் முன்னால் வலிப்பு வருவது அபூர்வம். அவர் நம்பியிருப்பது பார்த்தவர் சொல்லும் வர்ணனையை. பதற்றத்தில் பார்த்தவருக்கோ கை இழுத்ததா, கண் எந்தப் பக்கம் போனது, எவ்வளவு நேரம் என்பது எதுவும் நிலைக்காது. ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். இங்கே கைபேசி பெரிய வரம். வீட்டில் எடுத்த வீடியோ நரம்பியல் மருத்துவர் சரியான முடிவுக்கு வர வெகுவாக உதவுகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. முதலில் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் இடிக்கும் பொருட்களை விலக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக் கூடாது, சாவிக் கொத்தை இருக்கிற இடத்திலேயே விட்டுவிடலாம். பிறகு இன்னொருவர் படம் எடுக்கட்டும். விளக்கைப் போட்டு, போர்வையை விலக்கி, முதலில் முழு உடம்பும் தெரிய, பிறகு முகமும் கண்ணும் தெரிய. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்புகிறதா இல்லையா என்பது படத்தில் பதியும். நின்ற பிறகும் சற்று நேரம் எடுங்கள். ஒரு கை மட்டும் துவண்டு கிடக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். ஐந்து நிமிடம் தாண்டினால் படமெல்லாம் பிறகு, உடனே 108.

ஒரு வயது முடியாத குழந்தைகளுக்கு வரும் ஒருவகை வலிப்பில் இந்த வீடியோ எதிர்காலத்தையே மாற்றலாம். தூங்கி எழும் நேரத்தில் தலை முன்னால் தொங்கி, இரு கைகளும் விரிந்து, சில விநாடியில் முடிந்து, மறுபடி, மறுபடி என்று கொத்துக் கொத்தாக வரும். பார்ப்பவர்கள் “பயந்துக்கறான்”, “தூக்கி வாரிப் போடுது”, “வயித்து வலி” என்பார்கள். தாயத்தும் மந்திரிப்பும் ஒரு சுற்று முடியும். அந்த வாரங்கள் திரும்பி வராதவை; சிகிச்சை தாமதமாகத் தாமதமாக வளர்ச்சி பின்னோக்கிப் போகிறது. “வயித்து வலி” என்று சொன்னால் வயிற்றுக்கு மருந்து கிடைக்கும். காட்டினால் அன்றே இ.இ.ஜி.க்கு அனுப்புவார்கள்.

‘இவனுக்கு இப்படித்தான்’

பேச முடியாத குழந்தை இரவெல்லாம் அழுகிறது. மருத்துவரிடம் போனால், “சி.பி. குழந்தைங்க இப்படித்தாம்மா இருக்கும்” என்று ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடக்கூடும். இருக்கிற குறைபாட்டின் நிழலில் புதிய நோய் கண்ணுக்குத் தப்புவதை 1980களின் தொடக்கத்திலேயே அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். மூளை முடக்குவாதக் குழந்தையின் அழுகைக்கு இடுப்பு மூட்டு நழுவியது, சொத்தைப் பல், நாள்பட்ட மலச்சிக்கல், உணவு எதுக்களித்து நெஞ்செரிவது, காது சீழ் என்று எத்தனையோ காரணம் இருக்கலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு உண்டு. தைராய்டை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். காதும் கண்ணும் தவறாமல். சோர்ந்து கிடக்கிற குழந்தையைப் பார்த்து “டவுன் பேபி, மந்தமாத்தான் இருக்கும்” என்று விட்டுவிட்டால் தைராய்டு கை நழுவிப் போகும்.

இந்த நிழலை விலக்குவதற்குப் பெற்றோரிடம் இருக்கும் வலுவான கருவி, ‘எப்போதும் எப்படி, இப்போது எப்படி’ என்ற ஒப்பீடு. “அழறான்” என்பதைவிட, “எப்பவும் பசிச்சா அழுவான், சாப்பிட்டா நிறுத்திடுவான். பத்து நாளா டயபர் மாத்தும்போது வலது காலைத் தொட்டா மட்டும் கத்தறான்” என்பது மருத்துவரை நேராக இடுப்புக்கு அழைத்துப் போகும். வலியை அளக்க மருத்துவமனைகளில் பயன்படும் ஓர் அளவுகோல் உண்டு. முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குவது என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடுவது. குறைபாடுள்ள குழந்தைகளுக்காக 2006இல் திருத்தியபோது, அந்தக் குழந்தைக்கே உரிய வலி அடையாளங்களைப் பெற்றோர் சேர்க்க இடம் விட்டார்கள். என் பையன் வலித்தால் சிரிப்பான், என் பெண் வலித்தால் அசையாமல் உறைந்துவிடுவாள் என்று அம்மா சொல்வது அங்கே கணக்கில் ஏறுகிறது.

சொன்னாலும் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ஆலிவர் மெக்கோவன் சாட்சி. ஆட்டிசமும் வலிப்பும் உள்ள 18 வயது இளைஞர். சில மனநல மருந்துகள் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அவரும் பெற்றோரும் சொல்லியிருந்தும் 2016இல் மருத்துவமனையில் அந்த வகை மருந்தே கொடுக்கப்பட்டு, அதன் கடும் விளைவால் இறந்தார். பெற்றோரின் போராட்டத்துக்குப் பிறகு 2022ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே மருத்துவப் பணியாளர்களுக்கு ஆட்டிசம், கற்றல் குறைபாடு பற்றிய பயிற்சியைக் கட்டாயமாக்கியது. குழந்தையின் விவரங்களை எழுதிக் கையோடு கொண்டுபோகும் ‘ஹாஸ்பிடல் பாஸ்போர்ட்’ இங்கிலாந்தில் பரவலாகப் புழங்குகிறது. நமக்கும் அப்படி ஒரு தாள் வேண்டும்தான். ஆனால் ஆலிவரின் கதை, தாளை நீட்டுகிறவரைப் பழக்கினால் மட்டும் போதாது, வாங்குகிறவரையும் பழக்க வேண்டும் என்கிறது.

சான்றிதழ் நாள்

பெற்றோர் அதிகம் பயப்படுவதும், ஆயத்தம் சுத்தமாக இல்லாமல் போவதும் ஊனமுற்றோர் சான்றிதழுக்கான மதிப்பீட்டு நாளில்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது; பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் என்பது எல்லைக்கோடு. அறிவுத்திறன் குறைபாட்டை அளக்கும்போது வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலின் கேள்விகளுக்கும், ஆட்டிசத்துக்கான 40 கூறுகள் கொண்ட இந்திய அளவுகோலின் கேள்விகள் பலவற்றுக்கும் பதில் சொல்வது குழந்தை அல்ல, பெற்றோர்.

“தானா சாப்பிடுவானா?” என்று கேட்கிறார் உளவியலாளர். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, “சாப்பிடுவான் சார், எல்லாம் பண்ணுவான்” என்கிறார். அதில் பொய் இல்லை. பாசமும் மானமும் இருக்கிறது. ஆனால் நடப்பது இது: அம்மா சாதத்தைக் குழைத்துப் பிசைந்து, உருட்டிக் கையில் வைக்கிறார், பாதி வாய்க்கும் பாதி சட்டைக்கும் போகிறது, முக்கால் மணி நேரம் ஆகிறது, இடையில் நாலு தடவை எழுந்து ஓடுகிறான். “சாப்பிடுவான்” என்ற ஒற்றைச் சொல் இதில் எதையும் சொல்லவில்லை. பட்டன் போடுவது, கழிவறைக்குப் போக வேண்டும் என்று சொல்வது, தெருவைத் தனியே கடப்பது எல்லாவற்றிலும் இதே கதை. ‘எல்லாம் பண்ணுவான்’ என்ற பெருமைக்குப் பின்னால் சதவீதம் இறங்குகிறது. சதவீதத்துக்குப் பின்னால் உதவித்தொகை. இதற்கு மாற்றாக, “அன்னிக்கு மட்டும் கொஞ்சம் மோசமா காட்டுங்க” என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொடுப்பவர்களும் உண்டு. தேவையே இல்லை. உள்ளதை உள்ளபடி, யார் உதவியோடு, எவ்வளவு நேரத்தில், பத்துத் தடவையில் எத்தனை தடவை என்று சொன்னாலே போதும். அதைச் சொல்லப் பழக்க யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் அந்தப் பெற்றோரோடு உட்கார வேண்டும். உட்காருவதற்குத்தான் ஆள் இல்லை.

இன்னொரு கேள்வி பல அம்மாக்களைக் குன்ற வைக்கிறது: “சொந்தத்துல கல்யாணமா?” தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள் நடப்பவை என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு. மரபணுக் காரணத்தைத் தேட மருத்துவருக்கு அந்தத் தகவல் வேண்டும். ஆனால் மாமியார் பக்கத்தில் நிற்கையில், திறந்த கதவுக்கு முன்னால், சத்தமாகக் கேட்கப்படும்போது அது குற்றப்பத்திரிகையாகிறது. கருச்சிதைவுகள், முன்பு இறந்த குழந்தை, கர்ப்பத்தில் சாப்பிட்ட மருந்து பற்றிய கேள்விகளும் அப்படியே. இவற்றை முன்கூட்டியே எழுதி வாங்கிவிட்டால் அந்த அவமானம் மிச்சம். ‘பிறந்தவுடன் அழுததா, எடை எவ்வளவு, இன்குபேட்டரில் எத்தனை நாள், மஞ்சள் காமாலைக்கு விளக்கில் வைத்தார்களா’ என்ற நான்குக்கும் பிரசவ மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி விடை சொல்லும். மழைவெள்ளத்தில் பீரோவின் கீழ்த்தட்டு நனையும் ஊர் இது. அந்தத் தாளைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்வது நல்லது.

குழந்தையையும் கேட்க வேண்டும்

ஆயத்தம் என்றாலே பெற்றோரை மட்டும் நினைக்கிறோம். “அடம் பிடிச்சா டாக்டர் மாமா ஊசி போட்டுடுவார்” என்று வருஷம் முழுக்க மிரட்டிவிட்டு, அன்றைக்கு மட்டும் “ஊசியெல்லாம் போட மாட்டாங்க” என்று பொய் சொல்லிக் கூட்டிப் போகிறோம். ஆட்டிசம் உள்ள குழந்தை அந்த ஏமாற்றத்தை எளிதில் மறப்பதில்லை. அடுத்த முறை மருத்துவமனைத் தெருமுனையிலேயே உட்கார்ந்துவிடும். போகப்போகும் அறையின் படத்தை முன்பே காட்டுவது, ஸ்டெதஸ்கோப்பை பொம்மை மேல் வைத்துப் பழக்குவது, ஊசி உண்டென்றால் உண்டு என்று சொல்லி, அது முடிந்ததும் என்ன நடக்கும் என்பதையும் சொல்வது, ஒன்றும் செய்யாமல் சும்மா ஒருநாள் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருவது: இவற்றுக்கெல்லாம் செலவு இல்லை. பேசாத குழந்தைகளுக்காகப் படங்களைத் தொட்டுப் பேசும் ‘ஆவாஸ்’ செயலி சென்னையில் உருவானதுதான், தமிழிலும் இருக்கிறது. செயலி இல்லாத வீட்டில் வலி, தாகம், போதும், வீட்டுக்கு என்று நான்கு படம் ஒட்டிய அட்டை போதும்.

காத்திருப்பு வேறு. தாம்பரத்திலிருந்தோ திருப்போரூரிலிருந்தோ 515ஆம் எண் பேருந்தில் ஏறி, நிற்க முடியாத குழந்தையை இடுப்பில் சுமந்து வந்து சேர்ந்தவருக்கு மூன்று மணி நேர வரிசை என்பது ஆயத்தம் அனைத்தையும் குலைத்துவிடும். குழந்தை பசியிலும் களைப்பிலும் அழும் நேரத்தில்தான் மருத்துவர் அதைப் பார்ப்பார். சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணமில்லை, நல்ல காரியம். உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், சிகிச்சையிலும் கவனிப்பிலும் முன்னுரிமை, அரசு, தனியார் மருத்துவமனை இரண்டிலும் தடையற்ற அணுகல் ஆகியவற்றை உறுதிசெய்யச் சொல்கிறது. டோக்கன் கொடுக்கும் இடத்தில் இது பல பேருக்குத் தெரியாது. “சிஸ்டர், இவனால உக்கார முடியாது, சட்டப்படி முன்னாடி விடணும்” என்று தயங்காமல் கேட்கப் பெற்றோரைப் பழக்குவதும் ஆயத்தத்தில் சேர்த்தி. கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்பதே வருத்தமானது.

யார் உட்காருவது

ஆளே இல்லை என்று சொல்ல முடியாது. 2013இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தின் குழுக்கள் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் சென்று, பிறப்பு முதல் 18 வயது வரை பரிசோதித்து, மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைக்கின்றன. முட்டுக்காட்டில் 2021 முதல் ஆறு வயதுக்குட்பட்டோருக்கென்றே தொடக்கநிலை மையம் இயங்குகிறது. திருப்போரூர் உட்பட ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கே போய்க் குழந்தைக்குப் பயிற்சி தருகிறார்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருகிறார். உலக வங்கிக் கடனில் நடக்கும் ‘உரிமைகள்’ திட்டத்தின் ‘விழுதுகள்’ மையம் சோழிங்கநல்லூரில் இருக்கிறது.

இவர்கள் எல்லோரும் குழந்தையைப் பார்க்கிறார்கள். பரிந்துரைச் சீட்டு எழுதுகிறார்கள். அந்தச் சீட்டில் பெரும்பாலும் ஒரே வரி: ‘வளர்ச்சித் தாமதம், மேல் மதிப்பீட்டுக்கு’. வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போகும் சிறப்பாசிரியருக்கு அந்தக் குழந்தையைப் பற்றித் தெரிந்தது எத்தனையோ. மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தைய வாரம் அவர் அம்மாவோடு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினால் போதும்: என்ன குறைபாடு, என்ன மருந்து என்ன செறிவு, எது ஒத்துக்கொள்ளாது, வலித்தால் என்ன செய்வான், போன தடவைக்கும் இப்போதைக்கும் என்ன மாறியிருக்கிறது, இன்று கேட்க வேண்டிய ஒரே கேள்வி என்ன. எழுதத் தெரியாத அம்மா சொல்லச் சொல்ல அவர் எழுதலாம். வாட்ஸ்அப்பில் குரலாகவும் பதியலாம். ஓ.எம்.ஆர். கட்டடப் பணிகளுக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு இந்த ஒரு பக்கம் இரட்டிப்பு அவசியம். அந்தத் தாய்க்கு மருத்துவரின் மொழியும் தெரியாது, குழந்தை பிறந்த ஊரின் காகிதமும் கையில் இருக்காது. இதைச் சிறப்பாசிரியரின் நல்ல மனசுக்கு விடாமல் அவருடைய பணிப்பட்டியலில் நேரம் ஒதுக்கிச் சேர்க்க வேண்டும். புதிய கட்டடமோ புதிய பதவியோ இதற்குத் தேவையில்லை.

ஃபைல் ஒழுங்காக இருப்பதற்குப் பணக் காரணமும் உண்டு. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு ‘நிராமயா’ காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது; புறநோயாளிச் செலவும் தெரபியும்கூட அதில் சேரும். ஆனால் கட்டிய பிறகு திரும்பப் பெறும் பணம் அது. ரசீதும் சீட்டும் இல்லையென்றால் இல்லை.

அம்மாவின் தலையில் இன்னொரு நோட்டுப் புத்தகத்தை ஏற்றுவதாக இந்த யோசனைகள் முடிந்துவிடக் கூடாது என்ற கவலை எனக்கு உண்டு. ‘சரியாகச் சொல்லாதது உன் தப்பு’ என்று சொல்ல ஒரு புதிய வசதியாகவும் இது திரும்பக்கூடும். அப்பாக்கள் பெரும்பாலும் சான்றிதழ் நாளுக்கும் ஆபரேஷன் கையெழுத்துக்கும் மட்டும் வருகிறார்கள். ஒரு நாள் கூலி போகும் என்பது உண்மையான காரணம்தான். இருந்தாலும் மருந்தின் பெயர் தெரியாத அப்பா வீட்டில் இருப்பது ஆபத்து. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த இரவில் அது தெரிந்துவிடும்.

அம்மாவைத் தவிர யாருக்குத் தெரியும் என்ற கேள்வி பதினெட்டு வயதில் இன்னும் கூர்மையாகிறது. குழந்தைகள் பிரிவு அதற்குள் கதவை மூடியிருக்கும். பெரியவர்கள் பிரிவில் அவனைத் தெரிந்த மருத்துவர் இருக்க மாட்டார். அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்க வேண்டியிருக்கும். “எங்களுக்கப்புறம் யாரு?” என்று பெற்றோர் கேட்பது சொத்தைப் பற்றி மட்டுமல்ல. ஆகவே அக்காவோ சித்தியோ மாமாவோ, ஒருவராவது ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவர் அறைக்குள் கூடப் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த ஆளின் பெயரையும் எண்ணையும் ஃபைலின் முதல் பக்கத்தில் இப்போதே எழுதிவிட வேண்டும்.